எல்லாமே இருக்கிறவர்களுக்கு கிறிஸ்மஸுக்கு என்னதான் வாங்குவது?

அஸ்தம்பட்டி மருமகள்

எல்லாருக்கும் சேலத்தில் இருந்து வணக்கம்ங்க. டிசம்பர் பிறந்தாலே எனக்குத் தலைவலி பிறந்துவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கிறிஸ்மஸ் மதியச் சாப்பாடு மாமியார் வீட்டில்தான். முன்னெல்லாம் கதை சுலபம். நவம்பர் கடைசியில் மாமனார் எல்லாரையும் கடைவீதிக்குக் கூட்டிப்போவார், ஆளுக்கு ஒரு துணி, அதைப் போட்டுக்கொண்டு காலை ஆராதனை, வந்து பிரியாணி, தூக்கம். என் நாத்தனார் டாலஸில் குடியேறின பிறகு அங்கிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். மரத்தடியில் பேர் எழுதின பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நடு ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பிரிக்க வேண்டும். மற்றவர்கள் "அட, சூப்பரா இருக்கே" என்று சொல்ல வேண்டும். நல்ல பழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரிக்கிறவர்களிடம் இல்லாத பொருளே உலகத்தில் கிடையாது என்றால் வாங்குகிறவள் என்ன செய்வாள்?

ஆட்களைச் சொல்கிறேன். அத்தைக்கு வயது 76. இரண்டு பீரோ நிறையப் பட்டு, அதில் பாதி இன்னும் கடைக் கவரோடு. மிக்ஸி மூன்று. போன தடவை நாத்தனார் வாங்கிக்கொடுத்த ஏர் ஃப்ரையர் பெட்டி பிரிக்காமல் பரணில். பெரிய எழுத்து வேதாகமமும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நான் ஒரு வருஷம் யோசித்து யோசித்து வாங்கின டின்னர் செட்டை ஈஸ்டருக்கு ஆயர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அவர்கள் மேசையில் பார்த்தேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆயரம்மா, "உங்க மாமியார் எவ்வளவு நல்ல மனசு பாருங்க" என்றார். நானும் ஆமாம் என்று சொல்லி அந்தத் தட்டிலேயே சாப்பிட்டு வந்தேன்.

மாமனார் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கொடுத்தாலும் "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்பார். வெண்பட்டு வேட்டி, சால்வை, கைக்கடிகாரம் எல்லாம் தேவைக்கு மேல் இருக்கிறது. அவருக்கு இருக்கிற ஒரே குறை காபி. "டிகாக்‌ஷன் இறங்கலை" என்று காலையில் ஆரம்பித்தால் ஒன்பது மணி வரை அதே பேச்சு.

கணவரின் சித்தப்பா எவர்சில்வர் தகடு செய்கிற சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூரமங்கலத்தில் தனியாக இருக்கிறார். அவர் மனைவி சின்னத்தை தவறிச் சில வருஷம் ஆகிறது. அவர் வீட்டுக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிப் போனால் அதை விடக் கேலி வேறு இல்லை.

டாலஸ்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாத்தனார், அவர் கணவர், பத்தாவது படிக்கிற பையன், அவனுக்கு மூத்த பெண். இங்கே கிடைக்கிற எல்லாம் அங்கேயே கிடைக்கிறது என்பார்கள்.

ஆளுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. பரணில் ஏறாததாக இருக்க வேண்டும். ஆயர் வீட்டுக்குப் போகாததாக இருந்தால் ரொம்ப நல்லது.

ஜங்ஷன் பிளாட்பாரம்

கவரில் பணம் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு ரூபாய் ஒட்டின மொய்க் கவரே போதும். இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

இல்லையென்றால் அவர்கள் பேரில் ஏதாவது முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கட்டிவிட்டு ரசீதைக் கொடுங்கள். எல்லாம் இருக்கிறவர்களுக்கு அதுதான் சரி.

அஸ்தம்பட்டி மருமகள்

மாமியாருக்கு மருமகள் மொய்க் கவர் கொடுத்தால் நாளைக்கு நான் அந்த வீட்டில் சாப்பிட முடியாதுங்க.

ரசீது வித்தையை என் கொழுந்தனார் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார். ஒரு அறக்கட்டளையில் இருந்து சான்றிதழ் மாதிரி அடித்து அனுப்பினார்கள், அத்தை பேரில் ஒரு எழுத்துப் பிழையோடு. அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பேருல யாரோ சாப்பிட்டாங்க சரி, எனக்கு ஒரு காகிதமா?" என்றார். அது ஃபிரிட்ஜ் மேல் கொஞ்ச நாள் கிடந்தது, அப்புறம் காணோம்.

செவ்வாய்ப்பேட்டை தராசு

அக்கா, நான் வெள்ளி வேலை செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. அதனால் ஒரு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன், வியாபாரத்துக்கு விரோதமாக இருந்தாலும் பரவாயில்லை. 1,500 ரூபாய்க்கு "வெள்ளி கிஃப்ட்" என்று கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிற போட்டோ பிரேம், சிலை, இதெல்லாம் வாங்காதீர்கள். பெரும்பாலும் மேலே காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளித் தகடு, உள்ளே பிசினோ பிளாஸ்டிக்கோதான். திருப்பிக் கொடுத்தால் எடைக்கு எடுக்க மாட்டார்கள். வெள்ளி விற்கிற விலைக்கு அந்தப் பணத்தில் கெட்டி வெள்ளி எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நான் சொல்வது வேறு. உங்கள் மாமியாரிடம் பழைய வெள்ளி இருக்கும், இல்லாமல் இருக்காது. கொலுசு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, பிள்ளைகள் பால் குடித்த பாலாடை. எல்லாம் கறுத்துப் போய்த் துணியில் சுற்றி பீரோ அடியில் கிடக்கும். அதை எடுத்துச் சரிபண்ணிக் கொடுங்கள். கொலுசில் கொக்கி தளர்ந்திருக்கும், கண்ணி விட்டிருக்கும், முத்து கொட்டியிருக்கும். பற்றவைத்து, விட்டுப்போன கண்ணியை மாற்றி, பாலிஷ் போட்டால் புதுசு தோற்றுப்போகும். கூலி உங்கள் கணக்குக்குள்தான் வரும்.

கொடுக்கும்போது சில விஷயம் கவனியுங்கள். உங்கள் கண் முன்னால் எடை போட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்பி வாங்கும்போதும் எடை போடச் சொல்லுங்கள். பாலிஷில் கொஞ்சம் எடை குறைவது சகஜம், அதற்கு மேல் குறைந்தால் கேளுங்கள். பற்றவைத்தால் அதற்குப் போடுகிற உலோகப் பொடியோடு எடை கொஞ்சம் ஏறவும் செய்யும். "பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். பழைய கொலுசு எத்தனை டச், அதாவது அதில் சுத்த வெள்ளி எவ்வளவு, என்று உருக்கிப் பார்த்துத்தான் சொல்வோம் என்பார்கள். உருக்கினால் அது போயே போச்சு. அத்தையின் அம்மா போட்டதாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கறுப்பு மட்டும்தான், உடைசல் இல்லை என்றால் கடைக்கே வர வேண்டாம். காற்றில் இருக்கிற கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, மேலே பொருளை வைத்து, சமையல் சோடா ஒரு கரண்டி போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். பொருள் தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கொஞ்ச நேரத்தில் கறுப்பு தாளுக்குப் போய்விடும், அழுகின முட்டை வாசம் வரும், பயப்படாதீர்கள். கல் பதித்தது, அரக்கு நிரப்பினது, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றின வேலைப்பாடு, இவற்றை மட்டும் அதில் போடாதீர்கள். பல் விளக்குகிற பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கீறல் விழும்.

மலைக்காட்டுக் குருவி

நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். இப்போது எங்களுக்கென்று கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, சில்வர் ஓக் நிழலில், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருக்கும். டிசம்பர் எங்களுக்குப் பழம் பறிக்கிற மாதம், சாயங்காலம் பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றி எழுதினதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் தோட்டத்துக்கு வருகிற பெரியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அவர்தான். வேட்டி, சால்வை எல்லாம் விடுங்கள் அக்கா. தீர்ந்துபோகிற பொருளாகக் கொடுங்கள். எல்லாம் இருக்கிற வீட்டில் இடம் ஒன்றுதான் இல்லை.

ஆனால் "ஏற்காடு காபித்தூள்" என்று ஏரிக்கரையில் விற்கிற பொட்டலத்தை வாங்கி ரிப்பன் கட்டிக் கொடுத்தால் அதற்கும் டின்னர் செட் கதிதான். அதில் முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிக்கரிக் கிழங்குத் தூள் கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும், அது சட்டம். 49 சதவீதம் வரை கலக்கலாம், அப்போதும் அதற்குப் பேர் காபி-சிக்கரி கலவைதான். 40 என்று போட்டிருந்தால் நீங்கள் காபி விலையில் கிட்டத்தட்டப் பாதி கிழங்கு வாங்குகிறீர்கள். சிக்கரியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவுக்கு 20 சதவீதம் இல்லாவிட்டால் காபியே இல்லை. உங்கள் மாமனாருக்கு எது நாக்கில் பழகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். தெரியாமல் சுத்தக் காபி கொடுத்தால் "என்னம்மா இது, தண்ணியா இருக்கு" என்பார்.

அப்புறம் இன்னொன்று. டிசம்பரில் யாராவது "இந்த வருஷத்துப் புதுக் காபி" என்று விற்றால் நம்பாதீர்கள். இப்போது பறிக்கிற பழம் தோல் உரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காய்ந்து, பார்ச்மென்டாகி, அந்தத் தோலும் நீக்கி, தரம் பிரித்து வருவதற்குள் பொங்கல் தாண்டிவிடும். இப்போது குடிக்கிறது எல்லாம் போன பறிப்பு. அதில் தப்பே இல்லை, பச்சைக் கொட்டை நன்றாக வைத்தால் அப்படியே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வறுத்த தேதி. வறுத்து அரைத்துவிட்டால் சில நாளிலேயே வாசனை போக ஆரம்பிக்கும். ஆகவே மூன்று கிலோவை ஒரே நாளில் கொடுக்காதீர்கள்.

நான் சொல்கிற யோசனை இதுதான். மரத்தடியில் கால் கிலோ மட்டும் வையுங்கள். கூட ஒரு அட்டையில், "மாதாமாதம் முதல் சனிக்கிழமை இதே மாதிரி கால் கிலோ வரும், அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும்" என்று எழுதுங்கள். கால் கிலோ அவர் ஒருவருக்குப் பத்து நாள் வந்தால் அதிகம். வராமல் போகட்டும். தீர்ந்தால்தானே அடுத்தது எப்போது என்று கேட்பார்! எங்களுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் மகன் இப்படித்தான் ஏற்பாடு பண்ணியிருக்கிறான். பொட்டலம் ஒரு நாள் தாமதமானால் எனக்கு நேரடியாகவே போன் வந்துவிடும். வருஷக் கணக்கில் பார்த்தால் உங்கள் 1,500-ஐத் தாண்டும், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து பங்கு போட்டால் வலிக்காது.

என்ன தரம் கேட்பது? தண்ணீரில் கழுவிப் பதப்படுத்தின அராபிகாவை "பிளாண்டேஷன்" என்பார்கள், அதில் ஏ தரம் என்றால் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற கொட்டை. பிபி என்று போட்டிருந்தால் பீபெரி. பழத்துக்குள் இரண்டு கொட்டை முதுகோடு முதுகு தட்டையாக இருப்பதற்குப் பதில், சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும், அதைத் தனியாகப் பொறுக்குவது. விலை கூட. உருண்டையாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும் என்பார்கள். ருசியில் ஒசத்தி என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் பரிசு என்று வரும்போது ஒரு கதை சொல்லிக் கொடுக்கலாம். மாமனார் மாதிரி ஆட்களுக்குக் கதை பிடிக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பொதுப்பணித் துறைக்காரர் அதை ஊர் முழுக்கச் சொல்வார்.

இவ்வளவும் பண்ணின பிறகும் டிகாக்‌ஷன் இறங்காது. ஏனென்றால் கோளாறு தூளில் இல்லை, ஃபில்டரில். மேல் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், பாதி ஓட்டை அடைத்திருக்கும். காலியாக அடுப்புத் தணலில் காட்டினால் உள்ளே இருக்கிற பழைய தூள் கருகிப் பொரிந்து விழும், அப்புறம் பிரஷ் போட்டுக் கழுவினால் ஊசி குத்தின மாதிரி ஒவ்வொரு ஓட்டையும் தெரியும். கைப்பிடி ஏதாவது பிளாஸ்டிக் இருந்தால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தூளையும் ரொம்ப மாவாக அரைக்கச் சொல்லாதீர்கள், அதுவும் அடைக்கும். சிக்கரி அதிகமானாலும் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்.

உங்கள் பரணில் பழைய பித்தளை ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு உள்ளே வெள்ளீயம் பூசி எடுத்து வையுங்கள். அந்தப் பூச்சு போன பித்தளையில் மட்டும் காபி போடக் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்காடு வந்து நர்சரியில் பூச்செடி வாங்கிப் போய்ப் பரிசாகக் கொடுக்கலாம் என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம், உங்கள் ஊர் முந்நூறு கூட இல்லை. ஜெரேனியமும் ஹைட்ரேஞ்சியாவும் டிசம்பரில் அஸ்தம்பட்டி மாடியில் சிரிக்கும், ஏப்ரலில் செத்துப்போகும். அத்தை அதற்கும் உங்களைத்தான் சொல்வார்.

குகை பெரியம்மா

என் பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள். பரிசு வாங்கிக்கொள்கிற மாமியார் பக்கத்துக்காரியாக நான் கொஞ்சம் பேசலாமா? எனக்கு 74 வயது. எல்லாம் இருக்கிறவள் என்று என் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

இருக்கிறதுதான். கட்டிலுக்கு அடியில் கால் அமுக்குகிற மெஷின் இருக்கிறது, அதைக் குனிந்து எடுத்தால் இடுப்பு பிடிக்கும், அப்புறம் இடுப்புக்கு ஒரு மெஷின் வேண்டும். வசனக் காலண்டர் வருஷத்துக்கு ஏழெட்டு வருகிறது, சுவர் நாலுதான். வாசனை மெழுகுவர்த்தி என்று ஒன்று கொடுத்தார்கள், கரண்ட் போனபோது ஏற்றினேன், வீடெல்லாம் பழக்கடை வாசம்.

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பரிசு எது தெரியுமா? இரண்டாவது மகன் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, என் அறை லைட்டுக்குக் கதவுப் பக்கத்து ஸ்விட்ச் போதாதென்று கட்டில் பக்கமும் ஒன்று கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான். அரை நாள் வேலை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவது நின்றது. பாத்ரூமில் ஒரு கைப்பிடியும் அடித்தான். இதை மரத்தடியில் எப்படி வைப்பாய் என்று கேட்காதே. கைப்பிடிக்கு ரிப்பன் கட்டி வைத்தான், திருட்டுப் பயல்.

சாப்பாட்டு ரசீதைப் பற்றி உன் மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கும் கொடுக்கப் பிடிக்கும், என் கையால் கொடுக்க வேண்டும். பத்துப் போர்வை வாங்கி என்னையும் காரில் ஏற்றி அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்து. நான் கொடுக்கிறேன், அவர்களோடு இரண்டு பாட்டுப் பாடுகிறேன், வரும் வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடு. கணக்கு முடிந்தது.

டின்னர் செட்டைக் கொடுத்ததற்காக மாமியார் மேல் கோபப்படாதே கண்ணு. எங்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. நல்ல பொருளாக இருந்ததால்தான் ஆயர் வீட்டுக்குப் போனது. மட்டமாக இருந்தால் பரணுக்குப் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. அச்சு முறுக்குக்கும் கல்கல்லுக்கும் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு நாள் முழுக்கக் கூட உட்கார ஆள் வேண்டும். மாவு பிசைகிறவள் ஒருத்தி, சீப்பில் உருட்டுகிறவள் ஒருத்தி, எண்ணெய் பார்க்கிறவள் ஒருத்தி. இப்போதெல்லாம் கடையில் வாங்கிவிடலாமே அம்மா என்கிறார்கள். வாங்கலாம். அமெரிக்காவில் இருந்து வருகிற அந்தப் பெண்ணை ஒரு நாள் மாமியாரோடு உட்கார வை.

அஸ்தம்பட்டி மருமகள்

பெரியம்மா, உங்கள் பதிலை அத்தைக்கே வாசித்துக் காட்டினேன், பேரைச் சொல்லாமல். "யாரோ விவரம் தெரிஞ்ச பொம்பளை" என்றார். ஸ்விட்ச் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அத்தைக்கும் ராத்திரி எழுந்திருக்கிற பிரச்சினை இருக்கிறது, இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. கூடவே தராசு அண்ணன் சொன்னபடி பீரோவைப் பார்த்தேன். கொலுசு ஒரு ஜோடி, ஒரு பக்கம் கொக்கி இல்லை. எடைச் சீட்டோடு கொடுத்தாயிற்று.

பித்தளை ஃபில்டரும் பரணில் இருக்கிறது! மாமனாரின் அம்மா வைத்திருந்ததாம். ஏர் ஃப்ரையருக்குப் பின்னால்.

மீதி இருப்பது சித்தப்பாவும் டாலஸும். சித்தப்பா வீட்டில் ஒரு டப்பா நிறைய ஆடியோ கேசட் பார்த்தேன். சின்னத்தை சர்ச் பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடினதெல்லாம் அதில் இருக்கிறதாம். டேப் ரெக்கார்டர் ஓடவில்லை. அத்தை வீட்டில் நாத்தனார் கல்யாண வீடியோ கேசட்டும் கிடக்கிறது. இதையெல்லாம் இப்போது யாராவது மாற்றிக் கொடுக்கிறார்களா?

நாலு ரோடு ஸ்டுடியோ

கொடுக்கிறோம் மேடம், எங்கள் ஸ்டுடியோவிலும் செய்கிறோம், ஊரில் வேறு சிலரும் செய்கிறார்கள். யாரிடம் கொடுத்தாலும் சரி, முதலில் வீடியோ கேசட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதன் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவின மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதை எந்தக் காரணத்துக்கும் மெஷினில் போட்டு ஓட்டாதீர்கள். டேப்பும் கிழியும், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். சுத்தம் பண்ணின பிறகுதான் ஓட்ட வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீடியோ பிளேயர் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாங்கள் வைத்திருக்கிற மெஷினுக்கு ஒரு ரப்பர் பெல்ட் போனால்கூடப் பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிரித்துத்தான் போடுகிறோம்.

ஆடியோ கேசட் அவ்வளவு மோசமில்லை. உங்கள் சித்தப்பா கேசட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். டேப் வெளியே தெரிகிற பக்கத்தில், நடுவில் தகட்டின் மேல் ஒரு குட்டிப் பஞ்சு ஒட்டியிருக்கும். பழசானால் அது உதிர்ந்துவிடும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பதே அதுதான். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் கம்மியாக, மங்கலாகக் கேட்கும். "கேசட் போச்சு" என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். போகவில்லை. சுருளை மட்டும் எடுத்து வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றினால் பாடும்.

பெரியவருக்குச் செல்போனில் அனுப்பி வைக்காதீர்கள், அவர் தேடிக்கொண்டே இருப்பார். பென் டிரைவ் சொருகுகிற ரேடியோ 1,500-க்குள் கிடைக்கும். பாட்டை அதில் ஏற்றி, அவர் பட்டனை அமுக்கினால் பாடுகிற மாதிரி செய்து கொடுங்கள்.

அஸ்தம்பட்டி மருமகள்

நிஜமாகவே நன்றிங்க. சித்தப்பாவை எல்லார் எதிரிலும் பிரிக்கச் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். முந்தின நாளே சூரமங்கலம் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

மலைக்காட்டுக் குருவி, டாலஸுக்குக் காபி கொண்டுபோகலாமா? விமானத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா?

மலைக்காட்டுக் குருவி

வறுத்த காபிக்கு அமெரிக்காவில் தடை இல்லை அக்கா. கொட்டையாகவும் போகலாம், தூளாகவும் போகலாம், உணவுப் பொருள் இருக்கிறது என்று கேட்கிற இடத்தில் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஆனால் தூளைக் கைப்பையில் வைக்காதீர்கள். அமெரிக்கா போகிற விமானத்தில் 350 மில்லிக்கு மேல் எந்தத் தூளையும் கைப்பையில் வைத்தால் பிரித்துச் சோதிப்பார்கள், சந்தேகம் என்றால் விட மாட்டார்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். அவர்களிடம் கிரைண்டர் இருந்தால் கொட்டையாகவே கொடுப்பது நல்லது, அரைக்காத வரை வாசனை நிற்கும். பழம், நாற்று, பச்சை விதை மட்டும் பிள்ளைகள் ஆசைக்குக்கூடப் பையில் போட வேண்டாம்.

பிள்ளைகளை இங்கே கூட்டிவாருங்களேன். பறிப்புக்கு ஆள் பற்றாத சமயம், ஒரு வரிசை அவர்களுக்கு விடுகிறேன். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், காம்போடு பிய்க்கக் கூடாது, பச்சை விழுந்தால் எங்கள் அக்கா திட்டுவார். பறித்ததை அன்றே குடிக்க முடியாது, அதனால் போன பறிப்பில் கொஞ்சம் இரும்பு வாணலியில் அவர்களையே வறுக்க வைத்து, பேர் எழுதிக் கட்டித் தருகிறேன். காசு வேண்டாம், பறித்ததற்குக் கூலி கழித்துக்கொள்கிறேன்.

24, 25 தேதிகளில் வராதீர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசைதான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை நாளாகப் பார்த்துக் காலை ஏழு மணிக்கு முன் அடிவாரம் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய்க் குப்பனூர் வழியாக ஏறுங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். அட்டைப் பூச்சி இப்போது அவ்வளவு இல்லை, மழை பெய்தால் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு வரட்டும்.

ஜங்ஷன் பிளாட்பாரம்

மொய்க் கவர் சொன்னவன்தான். அந்தக் காபி அட்டை யோசனையை எங்கள் மாமனாருக்குத் திருடிக்கொள்கிறேன். குருவி அக்கா, இன்பாக்ஸ் பாருங்கள்.

நாலு ரோடு ஸ்டுடியோ

மேடம், ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. சித்தப்பா கேசட்டுகளை எங்களிடம் கொண்டுவருவதற்கு முன்னால், ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் இரண்டு மூலையில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பல்லைப் பேனா முனையால் உடைத்துவிடுங்கள். அப்புறம் யார் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பாட்டு அழியாது. 18-ஆம் தேதிக்குள் கொண்டுவந்தால் கிறிஸ்மஸுக்கு முன் முடித்துத் தருகிறேன். அதற்கு அப்புறம் என்றால் பொங்கல்தான், கல்யாண ஆல்ப வேலை குவிந்து கிடக்கிறது.